தோட்டத்து ஆட்களுக்கு இது போதுமா? – ஜப்பானியக் கடைகளும் மலையகத்து எமது கடைகளும்

நுவரெலியா பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் காலை வேளையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான வேன் ஒன்றின் சாரதி சாவியைத் திருப்புவார். உடனே உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். அது ஜப்பான் மொழி. “ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை” என்பதுதான் அதன் பொருள். ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் கட்டணம் செலுத்தும் அட்டையை மறந்து விடாதீர்கள் என்று வாகனமே சாரதிக்கு ஞாபகமூட்டுகிறது. அந்த வேன் ஜப்பானை விட்டு வந்து வருடங்கள் பல கடந்திருக்கும். நானுஓயாவுக்கும் இராகலைக்கும் ஓடித் திரியும் அதற்கு அந்த அட்டையால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் நாள் தவறாமல் சொல்கிறாள். எமது சாரதியும் நாள் தவறாமல் கேட்கிறார். என்ன சொல்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

ஜப்பானுக்கும் எமக்குமிடையிலான தொடர்பு ஏறக்குறைய இப்படித்தான் இருந்து வருகிறது. 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்ட பின்னர் எமது வீடுகளுக்குள் ஜப்பான் வந்து விட்டது. நெஷனல் ரேடியோ, செய்கோ கைக்கடிகாரம், மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகள் தோளில் சுமந்து வந்த கெசட் ரெக்கோடர் என்று ஒவ்வொன்றாக வந்தன. “ஜப்பான் சாமான்” என்றால் தரமான சாமான் என்று பொருள் கொண்டோம். ஆனால் சாமானைத்தான் பார்த்தோம். அந்தச் சாமானை விற்கிற கடை எப்படி இருக்கும், அங்குள்ள வியாபாரி வாங்க வருபவரை எப்படிப் பார்க்கிறார் என்று நாம் கேட்டதில்லை. வியாபாரச் சமூகமான நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

போத்தலுக்குள் நுவரெலியா

எனது நண்பரின் மகன் வேலைக்காக ஜப்பான் சென்றுள்ளார். ஒருநாள் இரவு அவர் தகப்பனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். தெருவோரத்தில் ஆளில்லாமல் நிற்கும் விற்பனை இயந்திரம் ஒன்றில் காசு போட்டு வாங்கிய எலுமிச்சைத் தேநீர்ப் போத்தலின் படம். “வாப்பா, இதில் நுவரெலியா என்று ஜப்பான் எழுத்தில் போட்டிருக்கிறது” என்று கீழே எழுதியிருந்தார்.

பையன் சொன்னது உண்மை. கிரின் என்ற ஜப்பானிய நிறுவனம் 1986இல் சந்தைக்குக் கொண்டுவந்த போத்தல் தேநீர் அது. அதன் ஜப்பானியப் பெயருக்குப் ‘பிற்பகல் தேநீர்’ என்று பொருள். அதில் பால் சேர்க்காத சாதாரண வகைக்குத் திம்புள்ளத் தேயிலையும், எலுமிச்சை வகைக்கு நுவரெலியாத் தேயிலையும் கலக்கிறார்கள். அதை மறைக்காமல் போத்தலிலேயே அச்சடித்தும் விடுகிறார்கள். எமது தோட்டங்கள் ரெயின்பொரஸ்ட் எலயன்ஸ் சான்றிதழ் பெறுவதற்கான பயிற்சிக்கு 2013 முதல் உதவியும் வருகிறார்கள். போத்தலில் உள்ள பெண்ணின் படம் மட்டும் எமது கொழுந்து பறிக்கும் பெண்ணுடையது அல்ல. பிற்பகல் தேநீர்ப் பழக்கத்தைத் தொடக்கி வைத்ததாகச் சொல்லப்படும் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியின் சாயலில் வரைந்தது.

விற்பனை இயந்திரத்தையும் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டளவில் ஜப்பானில் இவ்வகை இயந்திரங்கள் 56 இலட்சம் இருந்தன. இப்போது குறைந்து சுமார் 40 இலட்சமாக உள்ளன. அப்படியும் ஏறத்தாழ முப்பது பேருக்கு ஒன்று. குளிர்காலத்தில் ஒரே இயந்திரத்தின் ஒரு வரிசையில் சூடான போத்தலும் இன்னொரு வரிசையில் குளிர்ந்த போத்தலும் இருக்கும். சூடானதற்குச் சிவப்பு அடையாளம், குளிர்ந்ததற்கு நீலம். இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து குளிரில் நடந்து வரும் ஒரு தொழிலாளி, போத்தலை வாங்கி முதலில் கையைச் சூடாக்கிக் கொள்கிறார், பிறகுதான் குடிக்கிறார்.

அதே நுவரெலியாத் தேயிலை நுவரெலியா நகரில் எப்படி விற்கப்படுகிறது? எந்தத் தோட்டம், எந்த மாதத்துக் கொழுந்து என்று ஒரு வரி கூட இல்லாமல், பளபளக்கும் பைக்குள் அடைத்து, வாகனத்திலிருந்து இறங்குபவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்லித்தான் பல இடங்களில் விற்கப்படுகிறது. உலகத்தின் மறுமுனையில் எமது ஊரின் பெயர் ஒரு மதிப்பு. இங்கே அது வெறும் பெயர்ப்பலகை.

சின்னச் சிரமமும் சின்னச் சாமானும்

ஜப்பானியரின் விநோதச் சாமான்களைப் பற்றிக் கேட்டால் எவருக்கும் சிரிப்பு வரும். கென்ஜி கவகாமி என்பவர் ‘சின்தோகு’ என்று ஒரு கலையையே உருவாக்கினார். சப்பாத்தின் நுனியில் மாட்டும் குட்டிக் குடை, பசைக்குச்சி மாதிரிப் பாணில் பூசும் பட்டர்க் குச்சி என்று பயன் இருந்தும் பயன்படாத கண்டுபிடிப்புகள் அவை. அவற்றை விற்கக் கூடாது என்பது அந்தக் கலையின் விதிகளில் ஒன்று. ஆனால் விளையாட்டுக்குச் செய்த அந்தச் சாமான்களிலும் ஒரு பழக்கம் தெரிகிறது. அன்றாட வாழ்க்கையில் ஒருவருக்கு எங்கே உறுத்துகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அது. விற்பனைக்கு வரும் சாமான்களிலும் அதே தேடல்தான்.

சில உதாரணங்களைச் சொல்கிறேன். மழை நாளில் கடை வாசலிலேயே ஈரக் குடைக்கு ஒரு நீண்ட உறை கொடுப்பார்கள். தரை நனையாது, பக்கத்தில் நிற்பவரின் உடுப்பும் நனையாது. குளிருக்குச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள ஒரு சிறு பொட்டலம் விற்கிறார்கள். உள்ளே இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். உறையைப் பிரித்தால் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். அந்தத் துருவேறும் சூடு மணித்தியாலக் கணக்கில் கையைக் கதகதப்பாக வைத்திருக்கும். 1970களின் பிற்பகுதியிலிருந்து இது சாதாரணக் கடைச் சாமான். நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசிக்கு உறவான இன்னொரு பாசியைத் தாளாக உலர்த்திச் சோற்று உருண்டையில் சுற்றி விற்கிறார்கள். சோற்றில் பட்டால் தாள் நமுத்துப் போகும். அதற்காகத் தாளையும் சோற்றையும் பிரித்து வைத்து, இழுத்தவுடன் இரண்டும் சேர்ந்து கொள்ளும் ஓர் உறையைக் கண்டுபிடித்தார்கள். காசு வாங்குமிடத்தில் ஒரு சிறு தட்டு இருக்கும். காசை அதில்தான் வைக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று இருவர் கண்ணுக்கும் முன்னால் தெரியும். பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை.

இவற்றில் எதுவும் பெரிய விஞ்ஞானம் அல்ல. யாரோ ஒருவர் வாங்குபவரின் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். மழையும் குளிரும் எமக்குப் புதியவையா? ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. வருடத்தில் பாதி நாள் குடையோடு நடக்கிறோம். ஆனால் ஈரக் குடையோடு உள்ளே வருபவரைப் பார்த்து “குடையை வெளியே வையுங்கோ” என்று சத்தம் போட எமக்குத் தெரிந்த அளவுக்கு, அந்தக் குடையை வைக்க வாசலில் ஒரு தகர வாளி வைக்கத் தெரியவில்லை. வெளியே வைத்த குடை திரும்பி வரும்போது இருக்குமா என்ற கவலை அவருக்கு. தரை அழுக்காகுமே என்ற கவலை எமக்கு. அவரவர் கவலை அவரவருக்கு!

98 யென் கதை

“அது பணக்கார நாடு, அவர்களுக்கு எல்லாம் முடியும்” என்று சிலர் சொல்லக் கூடும். எனவே மூன்று கடைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய கதை. 350 வருடங்களுக்கு முன்னர், இன்று தோக்கியோவாக இருக்கும் எதோ நகரில், துணி வியாபாரம் எமது பழைய வியாபாரத்தைப் போலவே நடந்தது. துணியை வாடிக்கையாளரின் வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டுவார்கள், பேரம் பேசுவார்கள், கணக்கில் எழுதிக்கொண்டு வருடத்தில் ஓரிரு தடவைகள் காசு வசூலிப்பார்கள். கடன் என்பதால் விலையை ஏற்றியே சொல்வார்கள். 1673இல் மிட்சுயி என்ற வியாபாரி திறந்த எச்சிகோயா என்ற கடை இதை மாற்றியது. கைக்காசு, எல்லோருக்கும் ஒரே விலை, கேட்ட அளவுக்குத் துணியை வெட்டிக் கொடுப்பது என்பன அதன் முறைகளாயின. திடீர் மழையில் அகப்பட்டவர்களுக்குக் கடையின் அடையாளம் பொறித்த குடையை இரவலாகவும் கொடுத்தார்கள். மழை பெய்யும் போதெல்லாம் நகரெங்கும் அந்தக் கடையின் பெயர் நடந்து திரிந்தது. நிலையான விலை ஜப்பானியரின் இரத்தத்தில் ஊறியது அல்ல. ஒரு வியாபாரி எடுத்த முடிவு அது.

இரண்டாவது, 1974ஆம் ஆண்டுக் கதை. சுப்பர் மார்க்கட்டுகளின் வருகையால் சின்னக் கடைகள் நசுங்குகின்றன என்று ஜப்பானில் பெரிய கடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமே கொண்டுவந்தார்கள். அதே வருடம் தோக்கியோவின் தொயோசு என்ற இடத்தில், ஒரு குடும்பம் நடத்தி வந்த சிறிய மதுபானக் கடை அந்த நாட்டின் முதலாவது செவன் இலவன் கடையாக மாறியது. சின்னக் கடையைப் பெரிதாக்கவில்லை. எந்தச் சாமானை யார் எப்போது கேட்கிறார்கள் என்று கவனித்து அதை மட்டும் அடுக்கினார்கள். இன்று இவ்வகைக் கடைகள் அந்நாட்டில் 55,000 வரை உள்ளன. மறுபக்கம், சட்டத்தை மாத்திரம் நம்பியிருந்தவர்கள் தப்பவில்லை. 1982இல் 17 இலட்சத்துக்கு மேல் இருந்த ஜப்பானின் சில்லறைக் கடைகளின் எண்ணிக்கை அதன் பின்னர் குறைந்துகொண்டே போனது.

மூன்றாவதுதான் எனக்கு உறைத்த கதை. ஹிரோதகே யானோ என்பவர் 1972இல் லொறியில் வீட்டுச் சாமான்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். கூட்டம் நெருக்கியபோது ஒவ்வொன்றுக்கும் விலை பார்க்க நேரமில்லாமல் “எல்லாமே 100 யென்” என்றார். அதுவே பின்னர் டைசோ என்ற பெரும் நிறுவனமாயிற்று. தொடக்க காலத்தில் அவரது சாமான்களைப் பார்த்த ஒரு பெண், இந்த மாதிரி மலிவுச் சாமானை வாங்குவது காசை வீணாக்குவதுதான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அது யானோவைச் சுட்டது. அதன் பின்னர் இலாபத்தைப் பாராமல் நல்ல சாமான் தேடத் தொடங்கினார். 100 யென்னுக்கு விற்பதை 98 யென் கொடுத்தும் வாங்கினார். 2024இல் அவர் காலமானபோது அந்த நிறுவனத்தின் கடைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தன. மலிவான சாமானை வாங்குபவரும் மதிப்புள்ளவர்தான் என்று அவர் ஏற்றுக்கொண்ட நாளில்தான் அந்த வளர்ச்சி தொடங்கியது என்பேன்.

எனது கடையில் நடந்தது

இனி எமது பக்கத்தைப் பார்ப்போம். எமது பாட்டன்மாரும் லொறிகூட இல்லாமல்தான் தொடங்கினார்கள். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் லயம் லயமாக ஏறியவர்கள் அவர்கள். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் பிள்ளை பெரியவளாகி இருக்கிறாள், யாருக்குப் பேர் குறைந்து சம்பளம் போதாமல் போனது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பிறகு ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் கந்தப்பளையிலும் கடை போட்டபோது கொப்பிக் கணக்கு வந்தது. சம்பள நாள் வரை அரிசியும் மாவும் தேங்காயெண்ணெயும் கொப்பியில் போகும். அந்தக் கொப்பியால் நாமும் பிழைத்தோம், அவர்களும் பிழைத்தார்கள். வாங்குபவரின் சிரமத்தை அறிந்து செய்த வியாபாரம் அது. ஜப்பானிடம் நாம் கற்க வேண்டும் என்று நான் சொல்வது உண்மையில் எமது பாட்டன்மாரிடம் இருந்ததைத்தான்.

எங்கே தவறினோம்? மற்றவர்களைக் குற்றம் சொல்லாமல் என்னைப் பற்றியே சொல்கிறேன். ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன்னர், பாடசாலை தொடங்கும் ஜனவரியில் பிள்ளைகளுக்கான மழை அங்கி எடுக்கக் கொழும்புக்குப் போனேன். மொத்தக் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று 240 ரூபா, தையல் உறுதியானது. மற்றது 180 ரூபா, இழுத்தால் பிரியும் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “தோட்டத்து ஆட்களுக்கு இது போதும்.” 180 ரூபா அங்கியை எடுத்துவந்து 300 ரூபாவுக்கு விற்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். கொழுந்து மடுவத்திலிருந்து நேராக வந்திருந்தார், இடுப்பில் படங்கு கட்டிய ஈரம் சேலையில் இருந்தது. கையில் முதுகுப் பக்கம் பிரிந்துபோன அங்கி. மழை அங்கிக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது என்றேன். அவர் சண்டை போடவில்லை. “கொப்பியில காசு கட்டி முடியறதுக்குள்ள சாமான் முடிஞ்சிருச்சே மொதலாளி” என்று மட்டும் சொன்னார். பிறகு அங்கியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வருடத் தீபாவளி முற்பணத்தில் அவர் எனது கடைக் கணக்கைத் தீர்த்தார். மறுபடியும் கணக்குத் திறக்கவில்லை. அதே லயத்தில் இன்னும் ஐந்து வீடுகளும் ஒவ்வொன்றாக நின்றன. இது வியாபாரப் பக்கம் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஓர் அங்கியில் நான் மிச்சம் பிடித்தது 60 ரூபா. இழந்த ஆறு வீடுகளின் கொப்பி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 18,000 ரூபா. வருடத்துக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல். ‘இது போதும்’ என்ற சொல்லின் விலை எனக்கு அவ்வளவு. அந்தப் பிள்ளை நனைந்து பள்ளிக்கூடம் போன நாட்களின் கணக்கு வேறு. அளவையும் நிறுவையும் நேராக இருக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். தராசில் ஒரு மஞ்சாடி குறைத்ததில்லை. ஆனால் தரத்தில் குறைப்பதும் நிறுவையில் குறைப்பதுதான் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

சுப்பர் மார்க்கட் வந்ததால்தான் எமது வியாபாரம் படுத்தது என்று எம்மவர்கள் கூறுகிறார்கள். முழுவதும் பொய்யல்ல. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே ஏன் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே சாமான் எப்போதும் மலிவு என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். விலை எழுதியிருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் யாரும் முறைப்பதில்லை என்பார்கள். அவர்கள் தேடிப் போவது கொஞ்சம் மரியாதையை. 2021இல் ஆயிரம் ரூபாவான தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் அடிப்படையாக 1,350 ரூபா ஆனது. இடையில் 2022இன் நெருக்கடியில் சாமான் விலை ஏறிய வேகத்தை நாம் எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு சாமானுக்கு 1,000 ரூபா கொடுக்கிறார் என்றால், ஒருநாள் மலையில் நின்றதன் பெரும் பகுதியைக் கொடுக்கிறார் என்று பொருள். தவறான சாமானை வாங்கிவிட்டு ‘போகட்டும்’ என்று விட அவரால் முடியாது. நல்ல சாமான் பணக்காரருக்கு வசதி, ஏழைக்கோ அவசியம்.

மறுப்புகள்

“விலை பேசி வாங்குவது எமது நாட்டுப் பழக்கம், விலை ஒட்டினால் கூட்டம் வராது” என்று ஒரு மறுப்பு உண்டு. பேரம் பேசத் தெரிந்த இருவருக்கிடையில் அது விளையாட்டு. பேசத் தெரியாத கிழவியும் வெட்கப்படும் பிள்ளையும் மொழி தெரியாத வெளிநாட்டவரும் அதில் எப்போதும் தோற்பவர்கள். அத்தோடு விலையைக் காட்சிப்படுத்துவது எமது விருப்பம் மட்டுமல்ல. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே அதைக் கேட்கிறது.

ஜப்பானில் எல்லாம் நன்மை என்றும் நான் சொல்லவில்லை. ஒரு பிஸ்கட்டுக்கு மூன்று உறை போடும் நாடு அது. குப்பை பெருகி, 2020இல்தான் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவதைக் கட்டாயமாக்கினார்கள். இரவு பகலாகத் திறந்திருக்கும் கடைகளுக்குப் பின்னால் தூக்கமில்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். 2019இல் ஒசாக்காவுக்குக் கிழக்கேயுள்ள நகரொன்றில், ஆள் கிடைக்காமல் தனது கடையை இரவில் சில மணித்தியாலம் மூடிய கடைக்காரர் ஒருவருக்கும் தலைமை நிறுவனத்துக்கும் இடையிலான தகராறு நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த உறைகளும் இரவு விளக்குகளும் எமக்கு வேண்டாம். வாங்குபவரைக் கவனிக்கும் கண் மட்டும் போதும்.

செய்யக் கூடியவை

முதலாவது, விலையை ஒட்டுங்கள். குளிருடுப்புக் கடை, தேயிலைக் கடை, பாத்திரக் கடை எதுவானாலும் சரி. ஏப்ரல் வசந்த காலத்திலும் அதே விலையை வையுங்கள். ஏப்ரலில் வருபவர் டிசம்பரிலும் வர வேண்டுமல்லவா?

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் சாமானைக் கடைக்குள் எடுக்காதீர்கள். எடுத்த சாமான் ஒரு வாரத்துக்குள் பழுதானால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். அதை எழுதியும் தொங்க விடுங்கள்.

மூன்றாவது, இன்னொரு கொப்பி வையுங்கள். பழைய கொப்பி அவர்கள் எமக்குத் தர வேண்டியதைச் சொல்கிறது. புதிய கொப்பியில் அவர்கள் கேட்டு எம்மிடம் இல்லாமல் போனதை எழுதுங்கள். வாங்குபவரின் தேவையை அறிய ஜப்பானியக் கடைகள் 1980களில் கணினி வைத்தன. எமக்கு ஒரு பென்சில் போதும். மாத முடிவில் அதைப் படித்துப் பார்த்தால் அடுத்த மாதம் என்ன எடுக்க வேண்டும் என்று கொழும்பு மொத்தக் கடைக்காரர் சொல்லித் தர வேண்டியிருக்காது.

நான்காவது, வாசலில் குடை வைக்க ஒரு வாளி. முடிந்தால் கடைப் பெயர் போட்ட பத்துக் குடைகளை இரவல் கொடுத்துப் பாருங்கள். இரண்டு காணாமல் போகலாம். மற்ற எட்டும் மழையில் உங்கள் விளம்பரமாக நடக்கும்.

ஐந்தாவது, தேயிலை விற்பவர்களுக்கு. தோட்டத்தின் பெயரையும் பறித்த மாதத்தையும் பக்கெற்றில் எழுதுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான கொழுந்தின் வாசம் தனி என்பது எமக்குத் தெரியும். வாங்குபவருக்கும் தெரியட்டும். 50 கிராம் பக்கெற்றிலும் கிடைக்கட்டும். எங்கோ இருக்கும் நிறுவனம் எமது ஊரின் பெயரை மதித்து அச்சடிக்கும்போது, ஊருக்குள் இருக்கும் நாம் அதை மதிக்காமல் விடலாமா?

இறுதியாக ஒன்று. ஜப்பானில் பேரிடர் வந்தால் காசு வாங்காமலே குடிபானத்தைக் கொடுக்கும் விற்பனை இயந்திரங்கள் பல இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. இயந்திரத்துக்கே அப்படியொரு வழி வைத்திருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண்சரிவுகள் ஏற்பட்டு நுவரெலியா மாவட்டத்தின் பாதைகள் துண்டிக்கப்பட்ட நாட்களை நாம் மறக்க மாட்டோம். அந்த நாட்களில் முன்னைய நாள் விலைக்கே அரிசி கொடுத்த கடை எது, கொடுக்காத கடை எது என்று தோட்டத்து மக்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதி வைக்கும் கொப்பி எமது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் அதில் ஒன்றும் விடுபடுவதில்லை.

நாளைக் காலை கடை திறந்தவுடன் ஒரேயொரு அலுமாரித் தட்டை மட்டும் பாருங்கள். ‘தோட்டத்து ஆட்களுக்கு இது போதும்’ என்று நினைத்து எடுத்த சாமான் எவ்வளவு அதில் இருக்கிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணிய நாளில் எனது கடையில் ஒரு தட்டு முழுவதும் இருந்தது.